ரெசின் சிலைக்கு எதற்கு ஈர டிஷ்யூ?

கேள்வி: ரெசினில் (அச்சில் ஊற்றி இறுக வைக்கும் செயற்கைப் பிசின்) செய்து பெயின்ட் அடித்த போர்வீரன் சிலை ஒன்று வைத்திருக்கிறேன். இரண்டு வருடமாக அலமாரி மேல் திறந்தே கிடந்ததில், மேலங்கி மடிப்பெல்லாம் தூசி. போன வாரம் ஈர டிஷ்யூவால் துடைத்தேன். டிஷ்யூவில் லேசாகச் சிவப்பு வந்தது. துடைத்த தோள் மட்டும் எண்ணெய் தடவினாற்போல் பளபளக்கிறது. நண்பர் தன் பொம்மைகளைக் குழாயில் காட்டித்தான் கழுவுகிறார். நானும் அப்படிச் செய்யலாமா?

பதில்: வேண்டாம். நண்பரின் பொம்மைகள் அநேகமாக பிவிசி பிளாஸ்டிக்காக இருக்கும். நாளானால், அதை மென்மையாக்கச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர் என்ற பொருள் கசிந்து பிசுபிசுக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவுவது அதற்குச் சரி. உங்களுடையது வேறு ஜாதி. உள்ளே இரும்புக் கம்பியோ காந்தமோ இருக்கலாம், துருப்பிடிக்கும். பீடத்தின் அடியில் ஃபெல்ட் என்ற மெத்தென்ற துணி ஒட்டியிருந்தால் அதுவும் ஊறிப் பிரிந்து வரும்.

டிஷ்யூவில் வந்த சிவப்பு அழுக்கு இல்லை, மேலங்கியின் பெயின்ட். இந்தச் சிலைகளுக்குப் பெரும்பாலும் அக்ரிலிக் பெயின்ட்தான் அடிக்கிறார்கள். அது ரெசினுக்குள் ஊறுவதில்லை, மேலே மெல்லிய தோல்போல இருக்கும். ஆல்கஹால் பட்டால் இளகிவிடும். கிருமி நாசினி டிஷ்யூக்கள் பலவற்றில் ஆல்கஹால் உண்டு. நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

பளபளப்புக்குக் காரணம் தேய்த்ததுதான். மேட் எனப்படும் பளபளப்பில்லாத பூச்சில் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு இருக்கும். வெளிச்சத்தைச் சிதறடிப்பது அதுதான். தேய்த்தால் மழுங்கிவிடும், பழைய பேன்ட்டின் முழங்கால் மினுங்குவதுபோல. இனி எதைப் போட்டுத் துடைத்தாலும் அது கூடுமே தவிரக் குறையாது. மேட் வார்னிஷ் ஸ்ப்ரே அடிப்பவர்கள் உண்டு. ஆனால் தோளில் மட்டும் அடித்தால் திட்டாகத் தெரியலாம். நானாக இருந்தால் அந்தத் தோளைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பேன்.

சரி, தூசிக்கு வருவோம். பாதிக்குமேல் வேலை தண்ணீர் இல்லாமலே முடிந்துவிடும். மேக்கப் போடும் அகலமான மெத்தென்ற பிரஷ் ஒன்று புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். தலையில் தொடங்கிக் கீழே இறங்குங்கள். மடிப்புகளுக்கு, கேமரா லென்ஸை ஊதும் ரப்பர் பல்பு போதும். டப்பாவில் அடைத்த காற்று வேண்டாம். கொஞ்சம் சாய்ந்தாலும் உள்ளிருக்கும் திரவம் சில்லென்று பீய்ச்சி அடிக்கும். மைக்ரோஃபைபர் துணியின் இழை வாள்நுனியிலும் விரல்நுனியிலும் மாட்டும். பிடிக்கும்போது பீடத்தைப் பிடியுங்கள். நான் ஒருமுறை ஈட்டியைப் பிடித்துத் தூக்கினேன். ஈட்டி கையோடு வந்தது, வீரன் வரவில்லை. கல்தூள் கலந்த ரெசின் கல்போலக் கனக்கும், பீங்கான்போல உடையும். கீழே தடித்த துண்டு விரித்துக்கொண்டு உட்காருங்கள்.

அப்புறமும் பிசுக்கு மிச்சமிருந்தால்தான் ஈரம். ஒரு கப் வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு. குழாய்த் தண்ணீரின் உப்பு காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி வைக்கும், கறுப்புக் கவசத்தில் பளிச்சென்று தெரியும். காது பட்ஸை நனைத்துப் பிழிந்து, முதலில் வெளியே தெரியாத ஓர் இடத்தில் வைத்துப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஏறாவிட்டால், பட்ஸைத் தேய்க்காமல் உருட்டி உருட்டி எடுங்கள். அழுக்கானதும் புதிது மாற்றுங்கள். கடைசியில் வெறும் டிஸ்டில்டு வாட்டர் நனைத்த பட்ஸால் ஒருமுறை. அருங்காட்சியகங்களில் ஓவியங்களைச் சுத்தம் செய்பவர்கள் பட்ஸில் எச்சில் தொட்டுக்கூட இப்படி உருட்டுவார்கள். எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி அழுக்கை இளக்குமாம். நமக்கு ஒரு சொட்டு சோப்பே போதும்.

காய வைக்க ஹேர் டிரையரும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். சூட்டில் மெல்லிய பாகங்கள் வளையும், புற ஊதாக் கதிரில் நிறம் வெளிறும். நிழலில் தானாகக் காயட்டும். காய்ந்ததும் மறுபடி அதே அலமாரி மேல் ஏற்றாமல், கண்ணாடிக் கதவு போட்ட பெட்டிக்குள் வையுங்கள். அடுத்த முறை பிரஷோடு வேலை முடிந்துவிடும்.