மொராக்கோ புதினா டீ: எந்த பாட், எந்தத் தேயிலை?

கேள்வி: அடுத்த மாதம் மாராகேஷ் போகிறோம். அங்கே குடிக்கும் புதினா டீயை வீட்டிலும் போட ஆசை. கடைவீதியில் வெள்ளி மாதிரி மின்னும் டீ பாட் விற்பார்களாமே, வாங்கலாமா? தேயிலையும் அங்கேயே வாங்கிவிடலாமா?

பதில்: தாராளமாக வாங்கலாம். ஆனால் பளபளப்பைப் பார்க்காமல் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். 'பெர்ராத்' என்று அங்கே சொல்லும் இந்த பாட்டை அப்படியே அடுப்பில் ஏற்றிக் கொதிக்க வைப்பார்கள். எனவே கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, இதை நெருப்பில் வைக்கலாமா என்பதுதான். அலங்காரத்துக்கென்றே செய்தவையும் நிறைய உண்டு. உள்ளே மஞ்சளாகப் பித்தளை தெரிந்தால் வேண்டாம்; ஈயம் பூசாத பித்தளையில் யாராவது புளிக்குழம்பு வைப்பார்களா?

மூக்கு உடம்போடு சேரும் இடத்தில் சல்லடை போல ஓட்டைகள் இருக்க வேண்டும். மூக்கின் நுனி பாட்டின் வாய்க்குக் கீழே நின்றால், நிரப்பும்போதே வழியும். தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள், கூச்சமே வேண்டாம். வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பா? ஒரு காந்தம் எடுத்துப் போங்கள். அடியில் ஒட்டாத பாட் அதில் சூடாகாது. இங்கிலாந்தில் செய்த 'பழைய மான்செஸ்டர் பாட்' என்று முத்திரையைக் காட்டி விலை ஏற்றினால் மயங்காதீர்கள். முத்திரை குத்துவது பெரிய வேலையா என்ன?

தேயிலை சீனாவிலிருந்து வருவது. அதனால் அங்கேயே வாங்கியாக வேண்டும் என்றில்லை. சின்னச் சின்ன உருண்டையாகச் சுருட்டிய 'கன்பவுடர்' பச்சைத் தேயிலை என்று கேளுங்கள். பாக்கெட்டில் ரக எண் 3505 என்றிருந்தால் அது கன்பவுடர். 41022, 9371 என்றால் நீள இலையான சுன்மீ, அதையும் அங்கே விரும்பிக் குடிக்கிறார்கள். நம் டஸ்ட் டீ இதற்கு ஆகாது.

போடும் விதம்: அரை லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி தேயிலை. கொஞ்சம் வெந்நீர் விட்டு, குலுக்காமல் ஒரு நிமிடம் கழித்து அந்தத் தெளிவை ஒரு கிளாஸில் எடுத்து வையுங்கள். மறுபடி வெந்நீர் விட்டு நன்றாகக் குலுக்கி, அந்தத் தண்ணீரை மட்டும் கொட்டிவிடுங்கள், கசப்பு போகும். அப்புறம் எடுத்து வைத்ததைத் திரும்ப ஊற்றி, வெந்நீர் நிரப்பிச் சிறுதீயில் ஒரு கொதி. ஒரு கை புதினா, சர்க்கரை. கரண்டி போட்டுக் கலக்க மாட்டார்கள். கிளாஸில் ஊற்றி மறுபடி டீ பாட்டுக்குள்ளேயே விட்டு, இரண்டு மூன்று தடவை. கடைசியில் உயரத்திலிருந்து ஊற்றினால் நுரை கட்டும். இனிப்பு அங்கே தூக்கலாகவே இருக்கும், வீட்டில் உங்கள் இஷ்டம்.

தங்க விளிம்பு கிளாஸ் வாங்கினால் மைக்ரோவேவில் வைக்காதீர்கள், பொறி பறக்கும்.