பெருந்தொற்றுக் காலத்தில் சிறு தொழில்கள் எப்படித் தாக்குப்பிடித்தன?

நம்மைப் போன்ற நாடுகளில் சிறு தொழில் செய்பவர்கள் கொரோனாவை எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். அப்போது என்னோடு நான்கு பேர் வேலை பார்த்தார்கள். எங்களைத் தாங்கியது வீட்டு நகைதான்.

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்கு 144 போட்டபோது மேசைமேல் ஐந்து கிலோ கொலுசு பாதி வேலையில் கிடந்தது. சங்கிலியை நெருப்பில் ஒட்டிப் பத்த வைத்தாயிற்று, சலங்கை மாட்டவில்லை, மெருகும் போடவில்லை. வெள்ளி எங்களுடையது இல்லை, வியாபாரியுடையது; எங்களுக்குக் கூலியும் சேதாரமும்தான். முடித்து எடை போட்டுக் கொடுத்தால்தான் காசு. சலங்கை மாட்டுகிற பெண்கள் அவரவர் வீட்டிலிருந்தே செய்பவர்கள். அவர்கள் தெருவுக்குள் போகவே முடியவில்லை. சித்திரை, வைகாசி முகூர்த்த சீசன் அப்படியே போயிற்று.

ஏப்ரல் நடுவில் என் மனைவி, நான் கேட்காமலே, இரண்டு வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். "ஆளுங்களுக்கு முதல்ல குடுங்க, அவங்க போயிட்டா பட்டறை ஏது?" என்றாள். வங்கியில் அடகு வைத்து வாரம் ஆளுக்கு 1000 ரூபாய் கொடுத்தேன். அது கூலி ஆகாது, அரிசி பருப்புக்குத்தான்.

அரசு உதவவில்லையா என்றால், மே மாதம் அவசரக் கடன் திட்டம் அறிவித்தார்கள். பிப்ரவரி 29 அன்று நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதம், அடமானம் இல்லாமல், அரசு உத்தரவாதத்தோடு. விசைத்தறி வைத்திருக்கும் என் மச்சானுக்கு வங்கிக் கடன் இருந்ததால் கிடைத்தது. எங்கள் தெருப் பட்டறைகளில் பாதிக்கு வங்கிக் கணக்கே பட்டறைப் பேரில் இல்லை, வீட்டுப் பேரில்தான். பழைய கடன் இல்லாதவனுக்குப் புதுக் கடனும் இல்லை. சிக்கனமாக, கடன் வாங்காமல் தொழில் செய்தவனைத்தான் இது அதிகம் அடித்தது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

அப்புறம் வெள்ளி விலை. மார்ச்சில் கிலோ 35,000 பக்கம் இறங்கியது, ஆகஸ்டில் 75,000 தாண்டிவிட்டது. ஜூனில் வாடகை பாக்கிக்காக என் சொந்த வெள்ளி இரண்டு கிலோவை, கிலோ 50,000க்கும் கீழே விற்றிருந்தேன். நஷ்டம் அதோடு நிற்கவில்லை. விலை ஏறினால் வியாபாரி அதே பணத்துக்குப் பாதி வெள்ளிதான் வாங்க முடியும், பட்டறைக்குப் பாதி வேலைதான் வரும். கூலியோ எடைக்குத்தான். அதனால் ஊரடங்கு தளர்ந்த பிறகுதான் உண்மையிலேயே திண்டாடினோம்.

2021 மே மாதம் இரண்டாம் முறை மூடியபோது பத்த வைக்கிற அண்ணன் வேலையை விட்டுப் போய்விட்டார். இருபது வருஷக் கை. இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறார், திரும்பக் கூப்பிட்டேன், வரவில்லை. அவர் இடத்துக்கு வந்த பையனுக்குக் கை படிய ஒன்றரை வருஷம் ஆயிற்று.

இப்போது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு செய்து, பட்டறைப் பேரில் ஒரு சின்னக் கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டி வருகிறேன். இரண்டு மாதக் கூலி தனியாக ஒரு கணக்கில் இருக்கிறது. வளையல் இரண்டையும் போன தை மாதம்தான் மீட்டேன்.