களி கேட்கும் பாட்டி, நோன்பு வைக்கும் தாத்தா

கேள்வி: ஓசூரில் வீடுகளுக்குப் போய்ப் பார்க்கும் நர்ஸ் நான். பக்கவாதம் வந்த 78 வயது அம்மா, தெலுங்குக்காரர். இட்லியைத் தொடுவதில்லை, ராகி சங்கடிதான் (கேழ்வரகுக் களி) கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: உருண்டையாகக் கூடாது. களியை யாரும் மெல்வதில்லை, குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்குவதுதான் வழக்கம். தொண்டைத் தசை தளர்ந்தவருக்கு அது ஒட்டிக்கொண்டு மூச்சை அடைக்கும். நொய்யும் வெங்காயமும் மிதக்கும் கூழ் இன்னும் வம்பு: தண்ணீர் முந்திக்கொண்டு மூச்சுக்குழலில் இறங்கும், பருக்கை வாயிலேயே நிற்கும்.

முதலில் விழுங்கும் திறனை மருத்துவமனையில் சோதிக்கட்டும். இருமலே வராமல் உணவு நுரையீரலுக்குள் போவதும் உண்டு. வீட்டில் ஒரு வாய் ஊட்டிப் பார்ப்பதை நம்பாதீர்கள். மசித்த உணவு தரலாம் என்றால் ராகியை விடவேண்டியதில்லை. குவித்த இரண்டு மேசைக்கரண்டி மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் 200 மி.லி. வரும்படி ஊற்றி, பத்து நிமிடம் கிளறி வேகவைத்து வடிகட்டுங்கள். கரண்டியைச் சாய்த்தால் மொத்தமாக நழுவி விழவேண்டும்; ஒழுகினால் தண்ணி, ஒட்டினால் கெட்டி. ஆற ஆற இறுகும் என்பதால் பாதியில் மறுபடி பாருங்கள். கீரையையும் மைய மசித்துத் தனியாகக் கொடுங்கள்.

நிமிர்த்தி உட்காரவைத்து, அரை டீஸ்பூனாக, நல்ல பக்கமாக ஊட்டுங்கள். முடிந்ததும் செயலிழந்த பக்கக் கன்னத்தில் மிச்சம் ஒதுங்கியிருக்கிறதா என்று பார்த்துத் துடைத்துவிடுங்கள். அரை மணி நேரம் படுக்கவிடாதீர்கள். குரல் கரகரவென்று ஈரமாக ஒலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ ஊட்டுவதை நிறுத்தி டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று: சிறுநீர் விஷயம் கேட்கப் பேரனை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பாட்டி எல்லாம் சரி என்றுதான் சொல்வார். மருமகளோ, தெலுங்கு தெரிந்த சக நர்ஸோ கேட்கட்டும்.

கேள்வி: கிருஷ்ணகிரியிலிருந்து எழுதுகிறேன். இன்சுலின் போடும் 72 வயது மாமனார் ரமலான் நோன்பை விடமாட்டேன் என்கிறார்.

பதில்: இந்த வயதில், இன்சுலினோடு நோன்பு ஆபத்துதான், சிறுநீரகக் கோளாறோ, அடிக்கடி சர்க்கரை இறங்கும் பழக்கமோ இருந்தால் வேண்டவே வேண்டாம். நோயால் முடியாதவருக்கு மார்க்கமே விலக்கு தருகிறது. நாளுக்கு ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா உண்டு. இதை நீங்கள் சொல்வதைவிடப் பள்ளிவாசல் ஹஜ்ரத் சொன்னால் எடுபடும். அப்படியும் பிடிவாதமென்றால், ஆறு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்து மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. சர்க்கரை 70-க்குக் கீழோ 300-க்கு மேலோ காட்டினால், நோன்பு திறக்க பத்தே நிமிடம் இருந்தாலும் அப்போதே முறித்துவிட வேண்டும்.