சாயங்காலம் ஆடிய ஆட்டத்துக்கு ராத்திரி இழுப்பு ஏன்?

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: பையனுக்கு 12 வயது, ஆஸ்துமா. புல் பூக்கும் மாதங்களில் கால்வாய் ஓரம் சாயங்காலம் கிரிக்கெட் ஆடிவிட்டு நன்றாகத்தான் வருகிறான், ஆனால் ராத்திரி 11 மணிக்கு இழுப்பு. இழுப்பு இல்லாத நாட்களில் தினசரி இன்ஹேலரை நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள்.

மகரந்தம் விஷம் இல்லை. ஆனால் உங்கள் பையனின் உடம்பு அதை எதிரி என்று பதிந்து வைத்துக்கொண்டு, ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருளைத் தயாரித்து, மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள மாஸ்ட் செல்கள் என்ற காவல் செல்களின் மேல் ஒட்டி வைத்திருக்கிறது. மகரந்தப் புரதம் அதில் பட்ட சில நிமிடங்களில் அந்தச் செல்கள் தும்மலையும் நீரொழுக்கையும் வரவைக்கும் ஹிஸ்டமினைக் கொட்டும். நாலு தும்மல், மூக்கில் தண்ணீர், அவ்வளவுதான். முகம் கழுவியதும் அடங்கிவிடும், நீங்களும் சரி, இன்றைக்குத் தப்பித்தோம் என்று நினைத்திருப்பீர்கள். உள்ளே வேலை அப்போதுதான் ஆரம்பிக்கிறது. டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள், ரத்தத்திலிருந்து ஈஸினோபில் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்களைக் கூப்பிடும், அவை வந்து சேர்ந்து குழாயின் உட்சுவரை வீங்க வைத்துச் சளி கட்ட வைக்க 4 முதல் 8 மணி நேரம் ஆகும். உங்கள் வீட்டு 11 மணிக் கணக்கு இதுதான்.

மகரந்தம் தினமும் படப்பட இந்தச் செல்கள் அங்கேயே பெருகிக்கொண்டு போகும், முதல் வாரம் தாங்கிய அளவைக்கூட அப்புறம் தாங்காது. நம் பக்கத்தில் கண்டெய்னர் லாரிகளின் டீசல் புகை வேறு இந்த அலர்ஜியைத் தூண்டிவிடுகிறது. இடிமழை நேரத்தில் பையனை வெளியே விடாதீர்கள். ஈரத்தில் புல் மகரந்தம் வெடித்து, நுரையீரல்வரை போகிற அளவுக்குப் பொடியாகும். 2016 நவம்பரில் மெல்பர்னில் இப்படி ஒரே சாயங்காலத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

அவசரத்துக்கு அடிக்கும் சால்பியூட்டமால் இறுகிய தசையைத்தான் தளர்த்தும், ஈஸினோபில் பக்கமே போகாது. அதைக் குறைப்பது தினசரி ஸ்டீராய்டு இன்ஹேலர், அதுவும் விடாமல் போட்டால்தான். ஸ்டீராய்டு என்றதும் பயப்படுகிறீர்கள், தெரியும். இது மைக்ரோகிராம் கணக்கில் நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிற மருந்து. இன்ஹேலரில் மாட்டும் ஸ்பேசர் குழாய் வைத்து அடித்து, மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடிக்கட்டும், அப்புறம் வாய் கொப்பளித்துத் துப்பட்டும். குறைப்பதானால் டாக்டரே குறைக்கட்டும்.

சால்பியூட்டமால் அடித்தும் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல், விலா இடுக்கு உள்ளே இழுத்தால், விடியட்டும் என்று உட்காராமல் அந்த ராத்திரியே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.