மாமா மேடையில தள்ளாடுற வீடியோவ படத்தில போடலாமா?

தம்பி, பாட்டுக்கார மாமா குடிச்சிட்டு மேடையில தள்ளாடுற பழைய விஎச்எஸ் வீடியோ டேப் துண்ட டொக்குமென்ரறில போடுறதா விடுறதா எண்டு கேட்டிருந்தீங்க. போடுங்கோ, ஆனா தொடக்கத்தில வேண்டாம். 2015ல வந்த 'ஏமி' எண்ட டொக்குமென்ரறிய பாருங்கோ, அத எடுத்த ஆசிஃப் கபாடியா, பாடகி ஏமி வைன்ஹவுஸ் 14 வயசில ஃப்ரெண்டிண்ட பேர்த்டேல பாடுற வீட்டு வீடியோவோடதான் தொடங்குறார், கதை சொல்லுற ஆக்களிண்ட குரல மட்டும் பழைய காட்சிக்கு மேல விடுறார், அதால பிறகு கமரா ஃப்ளாஷ் அடிக்கேக்க எங்களுக்கே கண் கூசி, படம் பிடிக்க அவவ துரத்தின கூட்டத்தில நாங்களும் நிண்டமாதிரி நெஞ்சு அடைக்குது. நீங்களும் உப்புவெளி வீட்டு முத்தத்தில அவர் பாடினத முதல்ல வையுங்கோ. தள்ளாடுறது பத்து செக்கன் காணும், அதையும் மாமிக்கு காட்டி கேட்டுட்டு போடுங்கோ. மற்றது, எங்கட திருகோணமலை கடக்காத்துக்கு டேப்பில பூஞ்சணம் பிடிக்கும், சுருளில வெள்ளையா பொடி தெரிஞ்சா டெக்கில போட்டுடாதீங்கோ, முதல்ல கிளீன் பண்ணுற ஆளிட்ட குடுங்கோ.