புது டிராக்டர் மக்கர் பண்ணுகிறதா? முதல் 50 மணி நேரத்தில் எதற்குப் பயப்பட வேண்டும்

கேள்வி: சிங்கப்பூர் லிம் சூ காங்கில் ஒரு காய்கறிப் பண்ணையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஜப்பானிலிருந்து இரண்டு புது டிராக்டர்கள் வரவழைக்கிறோம். 35 குதிரைத்திறன், முன்னால் மண் அள்ளித் தூக்கும் லோடர், பின்னால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர். முதல் வண்டி வந்து இரண்டு வாரம் ஆகிறது, மீட்டரில் 14 மணி நேரம்தான். அதற்குள் சில சமயம் சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. லோடர் விட்டுவிட்டுத் தூக்குகிறது, கூடவே ஒரு முனகல். ஒரு ஹோஸ் மூட்டில் எண்ணெய் கசிகிறது. நேற்று டேஷ்போர்டில் ஆரஞ்சு விளக்கு வேறு எரிந்தது. விற்றவரோ, "புது வண்டி அண்ணே, ஓட ஓடச் சரியாகிடும்" என்கிறார். நம்பலாமா? அடுத்த மாதம் வரும் இரண்டாவது வண்டியை எதையெல்லாம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு எடுக்க வேண்டும்?

பதில்: ஓட ஓடச் சரியாகும் விஷயங்கள் புது டிராக்டரில் இரண்டு மூன்றுதான். லீவர்கள் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், பழகிவிடும். சைலன்சரில் பூசிய பெயின்ட் சூட்டில் கருகி முதல் நாள் நாற்றம் அடிக்கும், போய்விடும். மற்றதெல்லாம் யாராவது கைவைத்தால்தான் சரியாகும். ஆனால் நீங்கள் சொன்ன நான்கில் ஒன்றுகூட எஞ்சினோ கியரோ கெட்டுப்போனதாகத் தெரியவில்லை. கன்டெய்னரில் வந்ததை இங்கே பூட்டிக் கொடுத்தவர்கள் பாதியில் விட்ட வேலை மாதிரிதான் தெரிகிறது.

டிராக்டர் கப்பலில் முழு வண்டியாக வருவது குறைவு. லோடர் தனியாக ஒரு பாலெட்டில் இருக்கும். ஓட்டுநர் தலைக்கு மேலே வரும் பாதுகாப்பு வளைவை மடக்கியிருப்பார்கள். பேட்டரி வயரைக் கழற்றியிருப்பார்கள். கட்டிவைக்கும்போது ஆடாமல் இருக்க டயரில் காற்றை அளவுக்கு மேல் ஏற்றியிருப்பார்கள். இதையெல்லாம் இங்கே சரிசெய்து, எண்ணெய் அளவுகளைப் பார்த்து, ஓட்டிப் பார்த்துத்தான் உங்களிடம் தர வேண்டும். டெலிவரிக்கு முந்திய அந்தச் சோதனைக்கு உற்பத்தியாளர் ஒரு படிவமே வைத்திருப்பார். முதல் வண்டிக்கு அந்தப் படிவத்தை நிரப்பினார்களா, நகல் எங்கே என்று இன்றே கேளுங்கள். பதிலுக்கு இழுத்தடித்தால் சோதனை எப்படி நடந்திருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

முதலில் சாவி. திருப்பும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். "டக்" என்று ஒரு சத்தம் வந்து எஞ்சின் சுற்றவில்லை என்றால் பேட்டரிப் பக்கம் பாருங்கள். ஒன்றுமே இல்லை, பரம நிசப்தம் என்றால் பெரும்பாலும் பாதுகாப்பு சுவிட்சுகளில் ஒன்று தடுக்கிறது. பிடிஓ (ரோட்டவேட்டரைச் சுற்றவைக்கும் பின்பக்கத் தண்டு) ஆனில் இருந்தாலோ, கிளட்ச் முழுதாக மிதிபடாவிட்டாலோ, பெடல் நியூட்ரலுக்குத் திரும்பாவிட்டாலோ ஸ்டார்ட்டருக்குக் கரன்ட் போகாது. ரோட்டவேட்டரை நிறுத்த எஞ்சினை அணைத்துவிட்டு பிடிஓ லீவரை அப்படியே விட்டுவிட்டுப் போகும் பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. அடுத்து ஏறுபவர் வண்டி செத்துப்போச்சு என்று போன் அடிப்பார். எல்லாம் சரியாக இருந்தும் கிளட்சைக் கொஞ்சம் அழுத்தி மிதித்தால் மட்டும் ஸ்டார்ட் ஆகிறதென்றால் சுவிட்சின் இடைவெளி தவறு. அதைச் சரிசெய்ய மெக்கானிக்குக்குப் பத்து நிமிடம் போதும். எக்காரணம் கொண்டும் வயரைப் போட்டு அந்தச் சுவிட்சைத் தாண்டவிடாதீர்கள். ஸ்டார்ட் ஆன கையோடு வண்டி தானாக நகர்ந்து பக்கத்தில் நிற்கும் ஆளை அடித்துவிடாமல் இருக்க வைத்தது அது. நாளைக்கு ஏதாவது நடந்தால் மனிதவள அமைச்சு முதலில் கேட்கப்போவதும் அந்த வயரைப் பற்றித்தான்.

"டக்" கேஸ் என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும், எஞ்சின் ஓடும்போது 14 பக்கம். 12.2 காட்டினால் பாதிச் சார்ஜ்தான் மிச்சம். கப்பலிலும் கிடங்கிலும் மாதக்கணக்கில் கிடந்த பேட்டரிக்கு அது சகஜம், மெதுவாகச் சார்ஜ் போட்டுப் பாருங்கள். வோல்ட் நன்றாக இருந்தும் சுற்றவில்லையா? பேட்டரியின் மைனஸ் வயர் வண்டிச் சட்டத்தில் சேரும் இடத்தைக் கழற்றிப் பாருங்கள். போல்ட்டுக்கு அடியில் ஃபேக்டரி பெயின்ட் பளபளவென்று அப்படியே இருக்கும். பெயின்ட் வழியாகக் கரன்ட் எப்படிப் போகும்? உப்புத்தாளால் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, பூட்டி, மேலே கிரீஸ் தடவுங்கள். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் அந்தக் கிரீஸ் இல்லாவிட்டால் சீக்கிரமே துரு பிடித்துவிடும்.

உங்கள் புகார்களில் நான் அதிகம் கவலைப்படுவது லோடரைப் பற்றி. காரணம், இந்த அளவு டிராக்டர்கள் பலவற்றில் ஹைட்ராலிக்குக்கு, அதாவது எண்ணெய் அழுத்தத்தில் தூக்கும் பகுதிக்கு, தனி எண்ணெய் கிடையாது. கியர், எண்ணெய்க்குள் மூழ்கியிருக்கும் பிரேக், லோடர், பின்பக்கத் தூக்கி எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய். ஃபேக்டரியில் அதை ஊற்றியபோது லோடர் பூட்டியிருக்காது. இங்கே லோடரை மாட்டி முதல் தடவை தூக்கியதும் சிலிண்டர்களும் ஹோஸ்களும் எண்ணெயைக் குடித்துவிடும், அளவு இறங்கும், பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும். அதனால்தான் முனகலும் விட்டுவிட்டுத் தூக்குவதும். லோடரை மாட்டிய பிறகு அளவைத் திரும்பப் பார்த்து ஊற்றியிருக்க வேண்டும், மறந்திருப்பார்கள்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பக்கெட்டையும் ரோட்டவேட்டரையும் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்துக் கொஞ்ச நேரம் விட்டு டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். பக்கெட் மேலே இருக்கும்போது பார்த்து ஊற்றினால் அளவு மிஞ்சிவிடும். குறைந்திருந்தால் கையேட்டில் சொல்லியிருக்கும் டிராக்டர் டிரான்ஸ்மிஷன் எண்ணெயை மட்டும் ஊற்றுங்கள். எக்ஸ்கவேட்டருக்கு வாங்கிய ஹைட்ராலிக் 68 எண்ணெய் டிரம் எந்த வொர்க்‌ஷாப்பிலும் ஒரு மூலையில் நிற்கும், "இதுவும் ஹைட்ராலிக்தானே" என்று ஊற்றிவிடுவார்கள். பிரேக் கிறீச்சிடத் தொடங்கும்போதுதான் வினை தெரியும். எண்ணெய் வெள்ளையாக இருந்தால் ஒரு கண்ணாடிக் குடுவையில் கொஞ்சம் எடுத்து இரவு முழுக்க வையுங்கள். காலையில் தெளிந்தால் அது காற்று நுரை, பயமில்லை. காலையிலும் பால் மாதிரியே இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, வண்டியை ஓட்டவே வேண்டாம். விற்றவரை வரச்சொல்லுங்கள்.

அளவு சரியாகி, லோடரைப் பலமுறை முழுக்க ஏற்றி இறக்கிய பிறகும் முனகல் தொடர்ந்தால், பம்ப் இழுக்கும் பக்கத்தில் ஒரு கிளாம்ப் தளர்ந்து காற்று நுழையலாம். அதையும் விற்றவர்கள்தான் பார்க்க வேண்டும்.

ஹோஸ் மூட்டுக் கசிவு சின்ன விஷயம், ஆனால் தேடும் விதத்தில் ஆபத்து இருக்கிறது. கசியும் இடத்தைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத ஊசித் துளையிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படி நடந்தால் உடனே அறுவை சிகிச்சைக்கு ஓட வேண்டியதுதான். ஓர் அட்டைத் துண்டைக் காட்டித் தேடுங்கள். இறுக்குவதற்கு முன் பக்கெட்டைத் தரையில் வைத்து, எஞ்சினை அணைத்து, லீவரை நான்கு பக்கமும் ஆட்டி அழுத்தத்தை விடுவியுங்கள். மூட்டில் ஈரம் இருந்தால் இறுக்கினால் போதும். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவிலோ சக்கரத்தின் உள்பக்கத்திலோ சொட்டுகிறதென்றால் அது சீல் கோளாறு. படம் பிடித்து அனுப்பிவிட்டுக் கை வைக்காமல் விடுங்கள். நீங்கள் கழற்றினால் உத்தரவாதமே போய்விடலாம்.

ஆரஞ்சு விளக்கை ஒரு படம் எடுத்துக் கையேட்டோடு ஒப்பிடுங்கள். 19 கிலோவாட்டுக்கு, அதாவது 25 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புது டீசல் எஞ்சின்கள் பலவற்றில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி சைலன்சரோடு இருக்கும். கரி நிறைந்ததும் வண்டி அதை எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும், அந்த விளக்கு பெரும்பாலும் அதைத்தான் சொல்கிறது. எரிந்து முடிய எஞ்சினின் வேகமும் கொஞ்சம் நேரமும் வேண்டும். உங்கள் ஆட்கள் விளக்கைப் பார்த்துப் பயந்து எஞ்சினை அணைத்திருந்தால் வேலை பாதியில் நின்றிருக்கும். இப்படியே சில தடவை நின்றால் வண்டி தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதன் பிறகு ஏஜென்ட்டின் கம்ப்யூட்டர் வந்தால்தான் விடியும். விளக்கு எரிந்தால் காய்ந்த புல், வைக்கோல், பிளாஸ்டிக் கூரை எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் நிறுத்தி, கையேடு சொல்லும் வேகத்தில் ஓடவிட்டு முடியவிடுங்கள். சைலன்சருக்குள் 600 டிகிரி செல்சியஸ் வரை போகும். நிழலில் வெறுமனே மணிக்கணக்கில் ஓடவிடுவதால்தான் இந்த வடிகட்டி சீக்கிரம் நிறைகிறது. முதல் 50 மணி நேரத்தில் அது எஞ்சினுக்கும் நல்லதல்ல. மிதமான சுமை கொடுத்து, வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்கள்.

டீசலைப் பற்றி ஒரு வார்த்தை. சிங்கப்பூர்ப் பெட்ரோல் நிலைய டீசலில் கந்தகம் மிகக் குறைவு, அந்த வடிகட்டிக்கு அதுதான் தோது. பக்கத்து மீன் பண்ணைப் படகுக்கு வாங்கி மாதக்கணக்கில் கிடக்கும் டிரம் டீசலைக் கடனாக ஊற்றிவிடாதீர்கள். அதில் தண்ணீர் இருக்கும், தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் பாசி மாதிரி ஒன்று வளர்ந்து ஃபில்டரை அடைக்கும். வேலை முடிந்த மாலையே டேங்கை நிரப்பி வைத்தால் இரவில் உள்ளே ஈரம் படியாது. டிசம்பர் மழையில் டேங்குக்குக் கீழுள்ள தண்ணீர் பிரிப்பான் கிண்ணத்தைத் தினமும் பாருங்கள். அப்படியே பக்கெட்டில் தேங்கும் மழைநீரையும் கவிழ்த்துவிடுங்கள். கொசுப் புழுவைத் தேடி வரும் தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிக்கு அது புது டிராக்டரா பழைய வாளியா என்று அக்கறை இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்று: சக்கர போல்ட்டுகள். முதல் நாள் வேலை முடிந்ததும் டார்க் ரெஞ்ச் வைத்துக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கியிருக்க வேண்டும், முதல் பத்து மணி நேரத்துக்குள் இன்னும் ஓரிரு முறை. உங்கள் வண்டி 14 மணி நேரம் ஓடிவிட்டது. இதைப் படித்து முடித்ததும் போய்ப் பாருங்கள். லோடரைத் தாங்கும் சட்டத்தின் போல்ட்டுகளையும் சேர்த்து. டயர் காற்றையும் அளந்துவிடுங்கள்.

இனி இரண்டாவது வண்டி. லாரியிலிருந்து இறக்கியதும் கையெழுத்துக் கேட்பார்கள், லாரிக்காரருக்கு அடுத்த வேலை இருக்கும். வண்டி வந்து சேர்ந்ததற்கு மட்டும் கையெழுத்துப் போட்டு, "இன்னும் சோதிக்கவில்லை" என்று பக்கத்தில் எழுதுங்கள். நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தைச் சோதனைக்குப் பிறகு போடலாம். சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ரசீதில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எஞ்சின் சில்லென்று இருக்கும்போது முதல் ஸ்டார்ட்டை வீடியோ எடுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். பிறகு ரோட்டவேட்டரை மாட்டி, முக்கால் மணி நேரமாவது மண்ணில் ஓட்டச் சொல்லுங்கள். கசிவும் பெல்ட் சத்தமும் சூடேறிய பிறகுதான் வெளியே வரும். பிடிஓ தண்டின் நீளத்தையும் அப்போதே பார்க்கலாம். ரோட்டவேட்டரை முழுக்கத் தூக்கி இறக்கும்போது தண்டு முட்டினால் கியர்பாக்ஸ் போய்விடும். நீளம் அதிகமென்றால் இரண்டு குழாய்களையும் ஒரே அளவு அறுக்க வேண்டும்.

தாள்களில் முக்கியமானது எஞ்சினின் புகைச் சான்றிதழ் நகல். 2012 ஜூலையிலிருந்தே இங்கே இறக்குமதியாகும் சாலைசாரா (டிராக்டர் மாதிரி சாலைக்கு வெளியே ஓடும்) டீசல் எஞ்சின்களுக்குப் புகை வரம்பு இருக்கிறது. உத்தரவாதம் எந்தத் தேதியில் தொடங்குகிறது, உதிரிப் பாகத்துக்கு யார் பணம் கொடுப்பது என்பதை எழுத்தில் வாங்குங்கள். அதிகாரபூர்வ ஏஜென்ட் வழியாக வராத வண்டி என்றால் ஜப்பானில் இருக்கும் கம்பெனி உங்கள் போனை எடுக்காது, விற்றவர்தான் எல்லாம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பழுதான பொருளைச் சரிசெய்தோ மாற்றியோ தரச் சொல்லும், 2012 செப்டம்பரில் வந்த "லெமன் சட்டம்" சொந்த உபயோகத்துக்கு வாங்கும் பயனீட்டாளருக்குத்தான். கம்பெனி பெயரில் வாங்கிய டிராக்டருக்கு அது கை கொடுக்காது. பொருள் விற்பனைச் சட்டம் உண்டு, பொருள் திருப்தியான தரத்தில் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் ஆதாரம் காட்ட வேண்டியது நீங்கள். சிறு தொகை வழக்குகளுக்கான நடுவர் மன்றத்துக்கு 20,000 வெள்ளி வரை போகலாம், இருதரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000. அதனால் முதல் வண்டியின் நான்கு புகார்களையும் இன்றே படம், தேதி, மீட்டர் அளவோடு மின்னஞ்சலில் அனுப்புங்கள். போனில் பேசியதை நிரூபிப்பது கஷ்டம்.

50 மணி நேரத்தில் முதல் சர்வீஸ் வரும். எஞ்சின் எண்ணெயையும் ஃபில்டரையும் யாரும் மறக்கமாட்டார்கள், டிரான்ஸ்மிஷன் ஃபில்டரைத்தான் விட்டுவிடுவார்கள். புதுக் கியர்கள் உதிர்க்கும் இரும்புத் தூள் அங்கேதான் சேரும். அங்கே உள்ள காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருந்தால் இயல்பு, நகம் மாதிரி சில்லுகள் இருந்தால் அவற்றை ஒரு பையில் போட்டு வைத்துக்கொண்டு விற்றவரைக் கூப்பிடுங்கள். இரண்டு வண்டிக்குமான ஃபில்டர் செட்டை இப்போதே ஆர்டர் போட்டுவிடுங்கள். ஜப்பானிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தால், அது வருவதற்குள் 50 மணி நேரம் ஓடிவிடும்.