சந்தா கட்டினால் பழைய கட்டளைகள் நிலைக்குமா?

கேள்வி: உபுண்டு மடிக்கணினியில், தட்டச்சு செய்யும் கட்டளைகளை வாங்கி இயக்கும் பாஷ் ஷெல் பயன்படுத்துகிறேன். சில மாதங்களுக்கு முன் கொடுத்த கட்டளைகள் வரலாற்றில் இல்லை. ஒரு சாளரத்தில் கொடுத்தது மற்றொன்றில் கிடைப்பதில்லை. ஆழமான அடைவுக்குள் (கோப்புறைக்குள்) சென்றால், கட்டளைக்கு முன் அடைவின் பாதையைக் காட்டும் பிராம்ப்ட் பாதி வரியை அடைத்துக்கொள்கிறது. மாதச் சந்தா கட்டும் டெர்மினல் செயலியை வாங்கினால் எல்லாம் தீரும் என்கிறார் நண்பர். வாங்கலாமா?

பதில்: இந்தக் குறைகளுக்காக வாங்க வேண்டியதில்லை. டெர்மினல் என்பது எழுத்துகளைக் காட்டும் சாளரம். கட்டளைகளைச் சேமிப்பதும் பிராம்ப்டை அமைப்பதும் அதனுள் இயங்கும் ஷெல்லின் வேலை. சில கட்டணச் செயலிகள் தமக்கெனத் தனி வரலாறு வைத்துக்கொள்வது உண்மைதான்; ஆனால் சந்தாவை நிறுத்தும் நாளில் அதை வெளியே எடுக்க வழியுண்டா என்பதை விற்பவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

உங்கள் முகப்பு அடைவிலுள்ள .பாஷ்ஆர்சி கோப்பில், நினைவகத்தில் இருக்கும் கட்டளைகளுக்கான ஹிஸ்ட்சைஸ் 1000 என்றும், கோப்பில் தங்கும் வரிகளுக்கான ஹிஸ்ட்ஃபைல்சைஸ் 2000 என்றும் உபுண்டுவே வரம்பிட்டிருக்கும். அதைத் தாண்டியதும் பழையவை உதிர்ந்துவிடும். இரண்டையும் 1,00,000 ஆக்கினாலும் சில மெகாபைட் இடமே செலவாகும். ஹிஸ்ட்டைம்ஃபார்மேட் என்ற மாறியையும் (ஷெல்லின் அமைப்பு மதிப்பையும்) அமைத்தால் ஒவ்வொரு கட்டளையுடனும் நேரம் பதிவாகும்.

சாளரச் சிக்கலுக்குக் காரணம் வேறு. ஷெல் மூடப்படும்போதுதான் பாஷ் வரலாற்றைக் கோப்பில் எழுதுகிறது. மின்சாரம் போய்க் கணினி அணைந்தால் அன்றைய கட்டளைகளும் போய்விடும். பிராம்ப்ட்_கமாண்ட் மாறியில் ‘ஹிஸ்டரி -ஏ’ என்று கொடுத்தால், ஒவ்வொரு பிராம்ப்ட் தோன்றுமுன்பும் அதுவரையிலான கட்டளைகள் கோப்பில் சேரும். பிற சாளரங்களின் கட்டளைகளைப் படிக்கும் ‘ஹிஸ்டரி -என்’ கட்டளையையும் அதிலேயே சேர்ப்பவர்கள் உண்டு. நான் பரிந்துரைக்க மாட்டேன்: மேல்நோக்கு அம்பை அழுத்தும்போது வேறு சாளரத்தின் அழிப்புக் கட்டளை வந்து நிற்கக்கூடும்.

பிராம்ப்டின் நீளத்துக்கு பிராம்ப்ட்_டர்ட்ரிம் மாறியை 2 என்று வைத்தால் போதும். கடைசி இரண்டு அடைவுகள் மட்டும் தெரியும். வண்ணம் சேர்ப்பதானால், வண்ணக் குறிகளை \[ \] ஆகியவற்றுக்குள் அடைக்கவும். இல்லையேல் பாஷ் அவற்றையும் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளாகக் கணக்கிட்டு, நீண்ட கட்டளைகளின் வரியை மடிக்கும்போது குழப்பிவிடும்.

பல கணினிகளில் ஒரே வரலாறு வேண்டுமென்றால் மட்டும் தனிச் சேவை தேவைப்படலாம். தட்டச்சு செய்த கடவுச்சொற்களும் வரலாற்றில் கிடக்கக்கூடும் என்பதால், உங்கள் கணினியிலேயே குறியாக்கம் செய்து (பிறர் படிக்க முடியாதபடி மாற்றி) அனுப்பாத எந்தச் சேவைக்கும் பணம் கட்டாதீர்கள். அவ்வாறு குறியாக்கம் செய்யும் அட்டுயின் என்ற கட்டற்ற மென்பொருளை உங்கள் சொந்த வழங்கியிலேயே நிறுவிக்கொள்ளலாம்.